வைக்கோல் வேணுமா, வேணாமா?

அன்றைக்கு வரப்பில் நின்றவர்கள் இவர்கள். வயல்காரர். அவருடைய மச்சான். ஆத்தூரிலிருந்து வண்டியோடு வந்த டிரைவர், முழங்கால் வரை சேறு. அடுத்த வயல்காரர், தன் வரப்பை யாரும் உடைத்துவிடக் கூடாது என்று காவலுக்கு வந்தவர். சைக்கிளில் கேன் கட்டி டீ விற்கிறவர். வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர். நான். எல்லோருக்கும் பின்னால் வந்து சேர்ந்த அந்த அக்கா.

வயலின் நடுவில் அறுவடை எந்திரம் உட்கார்ந்திருந்தது. முன் டயர் இரண்டும் பாதிக்கு மேல் சேற்றுக்குள். நான் அனுப்பிய வண்டி.

எங்கள் பக்கம் தை பிறந்தால் வெளி மாவட்டத்திலிருந்து இந்த எந்திரங்கள் லாரியில் ஏறி வரும். ஊருக்கு ஓர் ஏஜெண்டு இருப்பான். யாருக்கு எத்தனை ஏக்கர், என்றைக்கு வேண்டும் என்று போனில் கேட்டு நோட்டில் எழுதி வண்டியை அனுப்புவான். வண்டி ஓடுகிற மணிக்கு இவ்வளவு என்று வண்டிக்காரர் அவனுக்குக் கொடுப்பார். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊருக்கு அந்த ஏஜெண்டு நான். எட்டாவதோடு படிப்பை விட்டவன். நோட்டில் எழுத அது போதும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு அந்த அக்கா.

அக்கா யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வயலில் இறங்கினார். இரண்டு எட்டு வைத்தார். கெண்டைக்கால் முழுவதும் உள்ளே போனது. அங்கேயே நின்றுகொண்டு வயல்காரரைக் கேட்டார்.

"தண்ணிய எப்ப வடிச்சீங்க மாமா?"

"முந்தாநேத்து."

"பெறவு ஏன் டயர் வண்டி கேட்டீங்க?"

"பெல்ட் வண்டிக்கு வாடக கூடம்மா. போன வருசம் எங்க அண்ணன் வயல்ல டயருதானே அறுத்துச்சு."

"அவரு வயலு மேடு மாமா. அங்க காரே ஓட்டலாம்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ கேக்கலியா?"

"அவரு டயர் வண்டி கேட்டாரு. அனுப்புனேன்."

"டீக்கடையா வச்சிருக்க, கேட்டதக் குடுக்க?"

டீக்காரர் விடவில்லை. "எங்கள ஏன்க்கா இழுக்கிற? நாங்களும் சக்கர போடலாமான்னு கேட்டுத்தான் ஆத்துறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆத்தூர் டிரைவரும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வரை ஆனது. இரண்டு டிராக்டர் இழுத்தும் அசையவில்லை. கடைசியில் அக்காவிடம் ஓடிக்கொண்டிருந்த பெல்ட் வண்டி, டயருக்குப் பதில் அகலப் பட்டை போட்டுச் சேற்றில் புதையாமல் ஓடுவது, வந்து இழுத்தது. வண்டி மேலே வந்தபோது வயலில் கால் பங்கு பயிர் சேற்றோடு சேறாகக் கிடந்தது. வயல்காரர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது. டயர் வண்டி கேட்டது அவர்தான்.

அந்தச் சௌகரியத்தில்தான் நான் பல வருஷம் தொழில் செய்தேன்.

அக்கா நல்ல உயரம். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பார். சட்டைப் பையில் ஒரு போன், ஒரு பென்சில், வெற்றிலைப் பொட்டலம். நோட்டு கிடையாது. யாருக்கு என்றைக்கு என்பதை மனசில் வைத்திருந்தார். பென்சில் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். காது குடைய என்றார்.

எந்திரம் வருவதற்கு முன்னால் அவர் நடவாள்களுக்குத் தலைவி. இருபது இருபத்தைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்குப் போவார், களைக்குப் போவார், அறுப்புக்குப் போவார். சுற்றி நாலு ஊர் வயலும் அவர் காலுக்குத் தெரியும். எந்த மூலையில் கால் புதையும், எந்த வரப்பில் நண்டு வளை, எந்த மடையில் தண்ணீர் கசியும், எல்லாம். எந்திரம் வந்து அறுப்பு வேலையைப் பிடுங்கிக்கொண்டபோது மற்ற பெண்கள் அதை வைதார்கள். அக்காவும் வைதார். வைதுகொண்டே போய் டிரைவரிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு ஆர்டர் வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்தில் இருந்தால் கேட்கலாம்.

"அக்கா, நாளைக்கு வண்டி வேணும். மூணு ஏக்கரு."

"வைக்கோல் வேணுமா, வேணாமா?"

முதல் கேள்வி எப்போதும் இதுதான். புதிதாகப் பேசுகிறவர்கள் திகைத்துப்போவார்கள். நெல்லறுக்க வண்டி கேட்டால் வைக்கோலைக் கேட்கிறாளே என்று. மாடு வைத்திருப்பவருக்கு வைக்கோல் வேண்டும். அப்படியானால் அடியோடு ஒட்டி அறுக்க வேண்டும், வண்டி மெதுவாகத்தான் ஓடும், மணி கூடும். தரை காயாமல் இருந்தால் பெல்ட் ஏறி வைக்கோல் சேறாகிவிடும். சேறு பட்ட வைக்கோலை மாடு மோந்து பார்த்துவிட்டு அப்பால் போகும். மாடு இல்லாதவருக்கு உயர்த்தி அறுத்துவிட்டு தாளை அப்படியே மடக்கி உழலாம். வேலை சீக்கிரம் முடியும். இந்த ஒரு கேள்வியில் அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.

"வேணும்க்கா. ரெண்டு மாடு நிக்கிது."

"உளுந்து தெளிச்சாச்சா?"

"இன்னும் இல்ல. நாளைக்குத் தெளிக்கலாம்னு."

"நாளைக்கே அறுப்பும் வேணும், நாளைக்கே உளுந்தும் தெளிக்கணும். என்னைக்குத்தான் தூங்குவீங்க அண்ணே? இன்னைக்குத் தெளிங்க. வியாழக்கிழம வண்டி வரும்."

எங்கள் பக்கம் அறுப்புக்குச் சில நாள் முன்னாலேயே நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தூவிவிடுவோம். தரையில் இருக்கிற ஈரத்திலேயே அது முளைத்துக்கொள்ளும். கையால் அறுத்த காலத்தில் பத்து நாள் முன்னால் தூவினாலும் பாதகமில்லை. மனுஷக் கால் பார்த்து வைக்கும். பெல்ட் வண்டி பார்க்காது. இலை விட்டபின் வண்டி ஏறினால் உளுந்து போச்சு. முளை மண்ணுக்குள் இருக்கும்போதே வண்டி ஓடி முடித்துவிட வேண்டும். இதெல்லாம் விவசாயிகளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அறுப்பு நெருங்கினால் மனுஷனுக்கு ஒன்றுதான் ஓடும். பக்கத்து வயலில் வண்டி இறங்கிவிட்டது, நம் வயலில் இன்னும் இறங்கவில்லை. வேறொன்றும் ஓடாது.

பிறகு மூன்றாவது கேள்வி. "யாரு வயல் வழியா எறங்கணும்?"

இதில்தான் சண்டை. ரோட்டோரத்து வயல் அறுக்காமல் உள் வயலுக்கு வண்டி போக முடியாது. நான் யார் முதலில் கூப்பிட்டார்களோ அவர்களுக்கு அனுப்புவேன். வண்டி ரோட்டிலேயே நிற்கும். உள் வயல்காரரும் வெளி வயல்காரரும் என் போனில் ஒருவரை ஒருவர் வைவார்கள். அக்கா அப்படி விட மாட்டார்.

அவர் ஊரில் அண்ணன் தம்பி இரண்டு பேர். பேச்சுவார்த்தை இல்லாமல் ஒன்பது வருஷம். அண்ணன் வயல் ரோட்டோரம், தம்பி வயல் உள்ளே. தம்பி பயிர் முந்திவிட்டது. அண்ணன் வேண்டுமென்றே தள்ளிப் போட்டார். அக்கா அண்ணன் வீட்டுக்குப் போனார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"வைக்கோல் வேணுமா, வேணாமா?"

"வேணாம். மாட்டெல்லாம் வித்தாச்சு."

"அப்ப அந்த வைக்கோல யாருக்காச்சும் குடுத்துருவீங்களா?"

"எவன் வேணாலும் அள்ளிட்டுப் போவட்டும்."

அள்ளுகிறவருக்குத் தோதாக நாளைக்கே அறுத்துவிடலாமே என்றார் அக்கா; தம்பி பேச்சே வராததால் அண்ணனும் சரி என்றார்.

தம்பி வீட்டில் நாலு மாடு. அக்கா அங்கே போய், ரோட்டோரத்து வயலில் வைக்கோல் சும்மா கிடக்கப்போகிறது, தரை காய்ந்த வயல், சுத்தமான வைக்கோல் என்றார். தம்பி மனைவி சொன்னார். "அள்ளிக்கிறோம்னு சொல்லுங்கக்கா." ஒரே நாளில் இரண்டு வயலும் அறுத்தாயிற்று. அண்ணன் கிழக்கு வரப்பிலும் தம்பி மேற்கு வரப்பிலும் நின்றார்கள். அன்றைக்கும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வைக்கோல் போனது.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். "வண்டி கேட்டா பொண்ணு குடுக்கிற மாதிரி விசாரிக்கிறா" என்பார்கள். வைக்கோலக்கா என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பச்சை இருக்கிறது, இன்னும் ஐந்து நாள் கிடக்கட்டும் என்று அவர் சொன்ன வயல்காரர்களில் பாதிப் பேர் நேராக எனக்குப் போன் போடுவார்கள். நான் அனுப்புவேன். வண்டிக்காரருக்கும் அவர் மேல் வருத்தம் உண்டு. வண்டி ஓடினால்தானே அவருக்கு வரும்படி. அக்கா சில நாள் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவைத்திருப்பார், தரை காயவில்லை என்று. அதே நாளில் என் வண்டி பத்து மணி நேரம் ஓடியிருக்கும்.

அவர் மாதிரியே ஒரு தடவை நானும் கேட்டுப் பார்த்தேன். போனில் ஒருவரிடம், "வைக்கோல் வேணுமா?" என்றேன். "வேணும்" என்றார். அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "சரி" என்று வைத்துவிட்டேன். அத்தோடு அதை விட்டேன்.

இனி திருப்பூர்க்காரர் விஷயம்.

அவர் எங்கள் ஊர்தான். பனியன் கம்பெனியில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்ததால் அந்தப் பெயர். அவர் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் வேலை செய்தவர்கள். இவர்தான் முதல் தடவையாகத் தன் பொறுப்பில் பயிர் வைத்தார். நாலு மா. ஒரு மா என்றால் ஏக்கரில் மூன்றில் ஒன்று. குத்தகை நிலம், ஊரிலேயே பள்ளமான இடம். அதனால்தான் அவருக்குக் கிடைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பயிரைப் பிள்ளை மாதிரி பார்த்தார்கள். கதிர் நன்றாகப் பிடித்திருந்தது. நாற்பது மூட்டை காணும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இது தேறினால் ஊர். தேறாவிட்டால் மறுபடி திருப்பூர். மனைவிக்கு அங்கே தூசியில் மூச்சு முட்டும். அதை அவரே டீக்கடையில் வைத்து எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

அறுப்பு சமயத்தில் எனக்கும் போன் போட்டார், அக்காவுக்கும் போட்டார். எல்லோரும் செய்வதுதான். யார் வண்டி முந்தி வருகிறதோ அது. என் பெல்ட் வண்டி பக்கத்துத் தெருவிலேயே நின்றது. மறுநாள் காலையில் இறக்கிவிடலாம். நான் வயலுக்குப் போனபோது அக்கா ஏற்கெனவே உள்ளே நின்று கதிரை உருவிப் பல்லில் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிக்கதிர்ல இன்னும் பால் இருக்கு. இப்ப அறுத்தா கொள்முதல்ல ஈரம்னு தள்ளிருவாங்க. நாலு நாள் கெடக்கட்டும் தம்பி."

திருப்பூர்க்காரர் என்னைப் பார்த்தார். "நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

"நீங்க சொன்னா நாளைக்கு எறக்குறேன். வேணாம்னா வேற வயலுக்குப் போவுது."

அவர் அக்கா பேச்சைக் கேட்டார். நான் வண்டியை வேறு வயலுக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. தை மாதத்தில் அப்படி ஒரு மழையை எதிர்பார்க்கவில்லை. இரண்டு பகல் இரண்டு ராத்திரி. அக்கா காத்திருக்கச் சொன்ன மற்ற வயல்களெல்லாம் மேடு. தண்ணீர் வடிந்து, பயிர் நிமிர்ந்து, பிறகு அறுத்தார்கள். திருப்பூர்க்காரர் வயல் மட்டும் குளம். பயிர் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்துவிட்டது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. டீக்கடையில் ஒருவர் சொன்னார். "வைக்கோலக்கா பேச்சக் கேட்டான். நெல்லே வைக்கோலாப் போச்சு." நான் சத்தமாகச் சிரித்தேன். அன்றிலிருந்து அக்காவின் போன் அடிக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்களே என்னைக் கூப்பிட்டார்கள். நோட்டில் பக்கம் நிறைந்தது.

மழை விட்ட மறுநாள் திருப்பூர்க்காரர் என்னைக் கூப்பிட்டார். வண்டி இறங்குமா என்று பார்க்க. இறங்காது என்று போனிலேயே தெரியும். போனேன். அவரும் மனைவியும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையில் ஒரு கதிர். நுனியில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

அக்கா வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடந்து வந்தார். நானாக இருந்தால் அந்தப் பக்கம் தலை காட்டியிருக்க மாட்டேன். எதிரில் பார்த்தாலும், மழைக்கு நான் என்னப்பா பண்றது என்றிருப்பேன். அப்படிச் சொன்னால் யாரும் மறுக்கவும் முடியாது.

வந்தவர் செருப்பைக் கழற்றினார். தண்ணீருக்குள் இறங்கி வயலின் கடைசி மூலை வரைக்கும் போனார். அங்கே வடிகால் வாய்க்கால். ஆகாயத்தாமரை மண்டி அடைத்துக் கிடந்தது. திரும்பி வந்தார்.

"வடிகால் அடச்சிருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. அது எப்பவும் அப்படித்தானே கெடக்கும்னு இருந்துட்டேன்."

"வழக்கமா பயிர் வைக்கிறவனா இருந்தா தானா சொல்லியிருப்பான். நீ புதுசு. நாந்தான் கேட்டிருக்கணும். வைக்கோலக் கேட்டேன், உளுந்தக் கேட்டேன், இதக் கேக்கல. தப்பு எம்மேலதான்."

திருப்பூர்க்காரர் கையிலிருந்த கதிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மனைவிதான் பேசினார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா அன்னைக்கே அறுத்திருப்போம்."

"ஆமா."

அந்த ஒரு வார்த்தைதான். அதற்குமேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. நான் வரப்பில் நின்றுகொண்டு காலால் மண்ணைக் கிளறினேன்.

அக்கா அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"எத்தன மூட்ட வந்தா ஊர்ல இருப்பீங்க?"

முளைத்துக் கிடக்கிற வயலைப் பார்த்துக்கொண்டு யாராவது இப்படிக் கேட்பார்களா? அந்தப் பெண் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வயலைப் பார்த்தார். விரலை மடக்கினார்.

"சாப்பாட்டுக்கு எட்டு. விதைக்கு ஒண்ணு. ஒம்போது வித்தா அடுத்த நடவு. பதினெட்டு வந்தா இருப்போம்."

"பதினெட்டுக்குக் கொறஞ்சா?"

"பஸ்ஸுதான்."

"சரி. எந்தப் பக்கம் மொளைக்கல?"

மூன்று பேரும் வயலைச் சுற்றி நடந்தார்கள். வடக்கு ஓரம் கொஞ்சம் மேடு. அங்கே கதிர் தண்ணீருக்கு மேல் கிடந்தது. நடுவில் ஒரு திட்டு. அதை முதலில் எடுப்பது. தெற்குப் பக்கம் முழுதும் முளைத்துவிட்டது, அதைக் கடைசியில் பார்ப்பது. அக்கா போனை எடுத்தார். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது. பழைய நடவாள்.

"அருவா இருக்கா ஒங்கிட்ட?"

"எதுக்கு?"

"அறுக்கத்தான். கழுத்த இல்ல, கதிர."

"மிஷினக் கொண்டாந்து எங்கள வூட்டுல ஒக்கார வச்சவளே, இப்ப எங்க அருவா கேக்குதோ?"

"வையி. வயல்ல வந்து வையி. வர்றப்ப இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வந்து எல்லாருமா வையிங்க."

"கூலி?"

"அத நான் பாத்துக்கிறேன். வா."

மறுநாள் காலையில் ஒன்பது பெண்கள் வந்தார்கள். சொன்னபடியே வைதார்கள். நாள் முழுக்க வைதுகொண்டே அறுத்தார்கள். அக்காவும் வரிசையில் நின்று அறுத்தார். முழங்கால் தண்ணீர். படுத்த பயிரை ஒரு கையால் தூக்கி நிறுத்தி மறு கையால் அறுக்க வேண்டும். குனிந்தவர்கள் நிமிரவில்லை.

நான் அன்றைக்கு நாலு வயலுக்கு வண்டி அனுப்ப வேண்டும். இரண்டுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வடிகாலில் இறங்கினேன். ஆகாயத்தாமரையைக் கோலால் இழுத்து இழுத்துக் கரையில் போட்டேன். மத்தியானத்துக்குமேல் தண்ணீர் இழுக்க ஆரம்பித்தது. அக்கா பார்த்தார். வெற்றிலை ஒன்றை எடுத்து நீட்டினார். நான் வெற்றிலை போடுகிறவன் இல்லை. வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அறுத்த கதிரை அடிக்கக் களம் இல்லை. எல்லாம் ஈரம். "உன் வண்டிய ரோட்டுல நிறுத்த முடியுமா?" என்று அக்கா என்னைக் கேட்டார். பெல்ட் வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓட்டி, கட்டுக் கட்டாகக் கதிரை அதன் வாயில் கொடுக்கலாம். உள்ளே அடித்து நெல்லைத் தனியாகக் கொட்டும். இப்போது இந்த வண்டியை ஓட்டுகிற அதே ஆத்தூர் டிரைவர் மாட்டேன் என்றான். முதலாளி வைவார் என்றான். அக்கா அவனைக் கேட்டார்.

"தம்பி, ஒங்க ஊர்ல என்ன வெள்ளாம?"

"மரவள்ளிங்க."

"அது தண்ணில அழுகுமா?"

அவன் வயலைப் பார்த்தான். வண்டியில் ஏறி எஞ்சினைப் போட்டான்.

இரண்டு நாள் அறுப்பு. பிறகு தார்ச்சாலையில் தார்ப்பாயை விரித்து மூன்று நாள் நெல்லைக் காயப்போட்டோம். வெயில் அடித்தது. காலால் கிண்டிக் கிண்டிப் புரட்டினோம். பஸ் வந்தால் டிரைவர் ஹாரன் அடிப்பார், பாயை இழுப்போம், போனதும் மறுபடி விரிப்போம். கறுத்த நெல், முளைத்த நெல் எல்லாம் பெண்கள் புடைத்து எடுத்தார்கள். அது தனியாக ஒரு குவியல், மாட்டுக்கு. நல்ல நெல் ஒரு குவியல். அந்தக் குவியலை யாரும் நேராகப் பார்க்கவில்லை. பார்த்தால் அளந்துவிடுவோம் என்று.

கடைசி நாள் சாக்கில் பிடித்துக் கட்டினோம். கட்டக் கட்ட ரோட்டோரமாக அடுக்கினோம். பெண்கள் முறத்தைத் தட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வாய்க்கால் மதகில் திருப்பூர்க்காரர் உட்கார்ந்தார். மனைவி தூசி தட்டிக்கொண்டிருந்தார். அக்கா தார்ப்பாயை மடித்தார். யாரும் மூட்டைகளை எண்ணவில்லை.

மழை பிடித்ததிலிருந்து அன்று வரை யாரும் அக்காவிடம் வண்டி கேட்கவில்லை. யோசனை கேட்கவில்லை. அவரும் எங்கேயும் போய்ப் பேசவில்லை. பிறகு இரண்டு வருஷம் தொழில் செய்தார். போன் பழையபடி அடித்தது, முழுதாக இல்லை. அதன்பின் மகள் கல்யாணமாகிச் சீர்காழிக்குப் போக, அவரும் கூடப் போய்விட்டார். என் நோட்டில் அவர் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு மதகில் உட்கார்ந்தபடியே திருப்பூர்க்காரர் கேட்டார்.

"அக்கா, அடுத்த சம்பாவுக்கு இங்க என்ன ரகம் போடலாம்?"

அக்கா மடிப்பதை நிறுத்தினார். "மூட்டைய எண்ணுனியா?"

"இல்ல."

"எண்ணிட்டுக் கேளு."

"எண்ணுறேன். நீங்க மொதல்ல சொல்லுங்க."

அக்கா அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண் அடுக்கின மூட்டைகள் பக்கம் திரும்பாமல் சொன்னார். "கேட்டா சொல்ல மாட்டீங்களா? அன்னைக்குச் சொன்னீங்கல்ல?"

அக்கா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு? எத்தன நாள் நின்னுச்சு? வா, வந்து காட்டு."

அவர் முன்னால் வயலில் இறங்கினார். திருப்பூர்க்காரர் பின்னால் இறங்கினார். அந்தப் பெண்ணும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார். மூன்று பேரும் தாளுக்குள் நடந்து தெற்கு மூலைக்குப் போனார்கள். அக்கா குனிந்து எதையோ தொட்டுக் கேட்பதும் அவர்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கைகாட்டுவதும் தெரிந்தது. பேச்சு எனக்குக் கேட்கவில்லை.

ரோட்டில் நானும் மூட்டைகளும் இருந்தோம். நான் எண்ணினேன்.

பதினான்கு.